செப்டெம்பருக்குள் ஒரு கூரை

கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கிராமத்தின் அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னை நியமித்தபோது எனக்கு இருபது வயது. சிலாபத்துக்கு வடக்கே கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண் நான். பக்கத்து ஊரில் தூரத்து உறவான ஒரு மாமியின் வீட்டில் தங்கி, காலையில் தென்னந்தோட்டங்களின் ஊடாக மணலில் நடந்து போவேன். பள்ளிக்கூடம் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரே கொட்டகை. மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடும் ஐந்தாம் வகுப்பின் செய்யுளும் அதற்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மழை வந்தால் ஒழுகாத இடம் தேடி எல்லோரும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்போம். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். எனக்கும்தான்.

தலைமை ஆசிரியர் அதே ஊர்க்காரர். துருக்கித் தொப்பியும் வெள்ளைக் கோட்டுமாக வருவார். ஓட்டுக் கட்டடம் ஒன்று வேண்டுமென்று நான் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் தேநீரைக் குடித்துவிட்டு, "வாற வருச எஸ்டிமேற்றில உங்கட கட்டடமும் இருக்கு. இனிக் கவுன்சில் பாஸ் பண்ண வேணும்" என்றார்.

கவுன்சில் என்றால் கொழும்பில் இருந்த அரசாங்க சபை. கவர்னர் ஆண்ட காலமானாலும், பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவு பணம் என்பதை ஊர்ச்சனங்கள் தெரிந்தெடுத்து அனுப்பிய அங்கத்தவர்கள்தான் ஆண்டுதோறும் கூடி ஒதுக்குவார்கள். சம்பளமும் சுண்ணக்கட்டியும்கூட அந்த ஒதுக்கீட்டிலிருந்துதான். இன்ஸ்பெக்டர் போன பிறகு தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க லீவுக்குக் கொழும்புக்குப் போறீங்கதானே? நம்மட விசயம் அங்க எப்புடிப் போகுதெண்டு ஒருக்காப் பாத்துட்டு வாங்களேன்" என்றார்.

என் அண்ணன் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். தன் பெரியவரிடம் சொல்லிப் பார்வையாளர் மாடத்துக்கு இரண்டு பாஸ் வாங்கினார். கடலைப் பார்த்து நின்ற அந்தப் பெரிய கட்டடத்தின் படிகளில் ஏறும்போது சேலை காலில் தடுக்கிவிடுமோ என்று பயந்தேன். கீழே பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அண்ணன் என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பள்ளிக்கூடங்களுக்கே பணமெல்லாம் போகிறது என்று ஒருவர் மேசையில் தட்டினார். மீன் பிடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று இன்னொருவர் கேட்டபோது எனக்கு முகம் சுட்டது. என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினால் என்ன என்று தோன்றியது.

"எங்கட பள்ளிக்கூடம் எப்ப வரும் அண்ணா?"

"அது தனிய வராது தங்கச்சி. கட்டடங்கள் எல்லாம் ஒரே தலைப்பு. மொத்தமாத்தான் கேப்பாங்க."

பின்னேரம், எல்லோருக்கும் பேசி அலுத்துப்போயிருந்த வேளையில், தலைமை தாங்கியவர் ஏதோ வாசித்தார். சிலர் "ஆம்" என்றார்கள். மறுத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் என் கையைத் தட்டி, "பாஸாகிட்டுது" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து கடற்காற்றில் நின்றபோது என்னையறியாமல் சிரித்தேன். அண்ணன் கடலைவண்டிக்காரனிடம் கடலை வாங்கித் தந்தார்.

லீவு முடிந்து திரும்பியதும் தலைமை ஆசிரியர் ஆவலாகக் கேட்டார்: "நம்மட பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன கதைச்சாங்க?"

"ஒண்டும் கதைக்கல்ல சேர். பாஸ் பண்ணிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! கதைச்சிருந்தா வெட்டியிருப்பாங்க" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பாஸான பணம் ஒக்டோபரிலிருந்து அடுத்த செப்டெம்பர் வரைக்கும்தான். அதற்குள் செலவாகாத மிச்சம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஆனால் கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் மாரி மழை முடிந்த பிறகுதான் வந்தார். சுவர்கள் எழும்பின. பிறகு மாதக்கணக்கில் வேலை நின்றது. ஒருவழியாகக் கூரை ஓடுகளும் மரமும் வந்து சேர்ந்தபோது செப்டெம்பர் பிறந்துவிட்டது. அவையும் எங்கள் ஊரை ஒட்டிய கடற்கழியான களப்புக்கு அந்தப் பக்கம், புத்தளத்துக் கரையில் கிடந்தன. எங்கள் ஊர்ப் பாதை வெறும் மணல். லொறி புதைந்துவிடும் என்று சாரதி திரும்பிப் போய்விட்டான். அந்த மாதம்தான் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. இந்தத் தவணையை விட்டால் இனி எப்போது கிடைக்குமோ என்று இன்ஸ்பெக்டரும் கையை விரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தலைமை ஆசிரியர் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று ஊராரிடம் விசயத்தைச் சொன்னாராம். மறுநாள் காலையில், சொந்த வள்ளத்தில் கருவாட்டு வியாபாரம் செய்த, ஊரே நானா (அண்ணன்) என்று கூப்பிட்ட ஒருவர் கொட்டகைக்கு வந்தார். அவருடைய மகள் என் வகுப்பு.

"டீச்சர், நாங்க ஓட்ட ஏத்திக்கிட்டு வாறோம். ஆனா கச்சான் காத்து இப்ப எதிர்க்காத்து. செப்டெம்பருக்குள்ள முடிக்கோணுமெண்டு கவுன்சில் சொல்லலாம், காத்துக்கு யாரு சொல்ற?"

"பயமெண்டா வேணாம் நானா."

"பயமா? கருவாட்ட விட ஓடு நாறாதே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரின் வள்ளங்கள் எல்லாம் போயின. பாரம் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தன. ஒரு வள்ளத்தில் தண்ணீர் ஏற, உயிர் தப்பினால் போதுமென்று பாதி ஓடுகளைக் களப்பில் தள்ளினார்கள். கரையில் ஆண்களும் பிள்ளைகளும் நானும் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றினோம். கொஞ்ச நேரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு உம்மாமார்களும் வந்து வரிசையில் சேர்ந்தார்கள். யாரோ கஞ்சி கொண்டுவந்தார்கள். புது ஓட்டின் செம்மண் எல்லோருடைய உடுப்பிலும் ஒட்டியிருந்தது. வேலை செய்தோம் என்ற நினைப்பே இல்லாமல் பெருநாள் போலக் கழிந்த நாட்கள் அவை.

களப்பில் போன ஓடுகளால் கூரையின் ஒரு மூலை மூடாமல் நின்றது. தலைமை ஆசிரியர் பழைய கிடுகை எடுத்து அதில் வைத்துக் கட்டச் சொன்னார். மாத முடிவுக்குச் சற்று முன்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த மூலையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"காத்தோட்டத்துக்கு விட்டிருக்கிறீங்க போல."

"ஓம் சேர்" என்றார் தலைமை ஆசிரியர், கண்ணிமைக்காமல். இன்ஸ்பெக்டர் வேலை முடிந்ததென்று கையெழுத்து வைத்துவிட்டு, அன்று இரண்டு கோப்பை தேநீர் குடித்தார்.

கட்டடம் தப்பியது. ஆனால் பெஞ்சுகளுக்கான பணம் செலவாகாமல் திரும்பிப் போய்விட்டது. அடுத்த வருட எஸ்டிமேற்றில் யுத்தச் செலவு வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பன்புல்லில் பின்னிய பாயை ஆளுக்கொன்றாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். பாயை உதறி விரிக்கும் அந்தச் சத்தத்தோடுதான் எங்கள் காலைகள் தொடங்கும். சிமெந்துத் தரையின் குளிர்ச்சியில் சிலேற்றை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்த அந்தத் தலைகளை இப்போது நினைத்தாலும் மனம் கனிந்துபோகிறது.

கலியாணமாகி நான் சிலாபத்துப் பக்கம் மாற்றலாகி வந்த பின்னர், கருவாடு விற்க வந்த அந்த நானா ஒருநாள் என் வீட்டுப் படலையைத் தட்டினார். நல்ல கட்டாக் கருவாடு ஒரு பொதி கொடுத்தார்.

"பெஞ்சு வந்திட்டு டீச்சர். கவுன்சில் இந்த வருசம் குடுத்திட்டு."

"பிள்ளையளுக்குச் சந்தோசமா?"

"எங்க! பெஞ்சில இருந்தா கால் நெலத்தில முட்டுதில்ல. பாயில இருந்தே எழுதுறோமெண்டு அடம்பிடிக்கிறாங்க. ஹெட்மாஸ்டர் சேரும் ஓமெண்டுட்டாரு."