அதிலடங்கிய சகலமும்

எண்பதுகளில் தருமபுரி கோர்ட்டுக்கு எதிரே நான் தமிழ் டைப்ரைட்டிங் கடை வைத்திருந்தேன். ஒரு மேசை, ஒரு மெஷின், வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. என் வேகத்துக்கு அந்தத் தெருவில் ஆளில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று எந்த மனுவாக இருந்தாலும் அதற்கு ஒரு மாடல் என்னிடம் இருக்கும். பழைய மனுவைப் பக்கத்தில் வைத்து, பெயரையும் ஊரையும் மாற்றி, கார்பன் வைத்து அடித்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். எல்லாக் கடையிலும் அதுதான் முறை. 'யோசிச்சு அடிக்கிறவ பட்டினிதான் கெடப்பா' என்று நானே பீற்றிக்கொண்டதுண்டு.

ஒருநாள் காலை கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வக்கீல் எழுதிக் கொடுத்த குறிப்போடு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் அதியமான்கோட்டைக்காரன், லாரி ஓட்டுகிறவன். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அவர்கள் வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டுக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தாயோடு இருந்தது. பத்து நாள் கழித்துப் புருஷன் ஆட்களோடு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது நடந்து ஒரு வருடம். குழந்தையைத் திருப்பிக் கேட்டுத்தான் இந்த மனு.

"எந்த தைரியத்துல தூக்கிட்டுப் போனான்?" என்று கேட்டேன்.

"நாந்தான் எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்றாருங்கக்கா. தீர்த்தன்னிக்குப் பத்தரத்துல கைநாட்டு வெச்சேன். அதுல புள்ளையும் சேந்து இருக்குதாமா."

"யாரும் படிச்சுக் காட்டலையா?"

"இல்லீங்கக்கா. இங்க வெய்யின்னாங்க, வெச்சேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. எந்தக் கூறுகெட்ட ஆள் இப்படி அடித்துக் கொடுத்தது என்று திட்டிக்கொண்டே, அவள் மடியிலிருந்து எடுத்துத் தந்த நகலைப் பிரித்தேன். ஒவ்வொரு 'த'வும் வரிக்கு மேலே ஏறி நின்றது. என் மெஷினில்தான் 'த' அப்படி ஏறும்.

நினைவுக்கு வந்துவிட்டது. போன வருடம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து அவசரப்படுத்தினார்கள். தீர்த்துவிட்ட பத்திரத்துக்கு மாடல் இல்லை என்றேன். "நெலத்த விட்டுக்குடுக்கற பத்திரம் இருக்குதில்ல, அதையே மாத்தி அடிச்சுக் குடு தாயி" என்றார்கள். 'மேற்படி நிலமும் அதிலடங்கிய மாவடை மரவடை சகலமும் இனி உம்மையே சேர்ந்தது' என்று இருந்த இடத்தில், நிலத்தை எடுத்துவிட்டுக் குடும்பம் என்று போட்டேன். மரம் மட்டையெல்லாம் குடும்பத்தில் எதற்கு என்று மாவடை மரவடையையும் எடுத்தேன். 'அதிலடங்கிய சகலமும்' மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சகலத்துக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. வாயை மூடிக்கொண்டு மனுவை அடித்துக் கொடுத்திருக்கலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

"இத அடிச்சது நான்தான்" என்றேன்.

வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீங்களே மாத்தி அடிங்க" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு நான் எந்த மாடலையும் தொடவில்லை. அந்தப் பத்திரம் எப்படி உண்டானது என்பதை நடந்தது நடந்தபடி ஒரு பாராவாகச் சேர்த்தேன். வக்கீல் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கூண்டுல ஏறி இதச் சொல்லுவியாம்மா? அப்புறம் உன் கடைக்கு எவன் வருவான்?"

"வர்றவன் வருவான் சார். சாட்சி லிஸ்டுல என் பேரப் போடுங்க."

வாய்தா மேல் வாய்தாவாக ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் கூண்டில் ஏறி, நிலப் பத்திர மாடலையும் நான் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புருஷனின் வக்கீல் எழுந்து, "என்ன எழுதியிருக்குன்னு பாக்காமலே அடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. உங்க மனுவயும் அப்படித்தான் அடிச்சுக் குடுத்துட்டிருந்தேன்."

ஜட்ஜே சிரித்துவிட்டார். பிள்ளையை எந்தப் பத்திரத்திலும் எழுதிக் கொடுக்க முடியாது, அதற்கு எது நல்லது என்றுதான் கோர்ட்டு பார்க்கும் என்றார். தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி ஆர்டர் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தப்பை நானே சரி செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன்.

குழந்தைக்கு நாலு வயது ஆகியிருந்தது. தாயை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அப்பன் காலைக் கட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று கத்தியது. ஆர்டரைப் பற்றித்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேனே தவிர, இதை நான் நினைக்கவில்லை. ஜெயித்த தெம்பெல்லாம் வடிந்துபோனது. அவனே அதன் விரல்களைப் பிரித்துத் தூக்கிக் கொடுத்தான். அவனும் அழுதான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் கூடப் போனேன். குழந்தை அவள் முடியைப் பிடித்து இழுத்தது, தோளைக் கடித்தது. போகிறவர்கள் எல்லாம் நின்று, பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"கொஞ்ச நேரம் எங்கிட்ட குடு, வேடிக்கை காட்டறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

"அழுவட்டுங்கக்கா" என்றாள். "எங்கிட்டதான அழுவறா."