விலாசம் மாத்தப் போனனான்

தலைமன்னார் பியர் ஸ்டேசனுக்கு முன்னால ஓட்டோ ஓடுறவன் நான். கொழும்பு ரயில் வந்து நிண்டா, இறங்கிற சனத்தையும் அவையின்ர பெட்டி படுக்கையையும் ஏத்திக்கொண்டு போய் விடுறதுதான் என்ர தொழில். ஆதாம் பாலம் பாக்கவெண்டு வாற ஆக்களும் இருக்கினம். அவையைக் கடற்கரைக்குக் கொண்டு போய் தூரத்தில கிடக்கிற மணல் திட்டியைக் காட்டுவன். "இவ்வளவுதானா?" எண்டு கேப்பினம். "இவ்வளவுதான்" எண்டுவன். நானென்ன, புதுசாக் கட்டியே குடுக்கிறது?

இப்பிடி நிம்மதியா ஓடிக்கொண்டிருந்தனான். பிரதேச சபைக் கந்தோரில இருந்தவைக்கு அது பொறுக்கேல்லைப் போல. ஒரு நாள் ஸ்டேசன் மதிலில அறிவித்தல் ஒட்டினாங்கள். ஸ்டேசன் வளவுக்குள்ள இனி எட்டு ஓட்டோவுக்குத்தான் இடமாம். ஊரில கனகாலம் இருக்கிறவைக்கு முதல் உரிமையாம். அந்த எட்டுப் பேருக்கும் இலக்கம் தருவினமாம், மற்றவை மெயின் றோட்டில போய் நிக்கவேணுமாம்.

மெயின் றோட்டில நிக்கிறதெண்டா என்னெண்டு ஓட்டோ ஓடுறவனுக்குத்தான் தெரியும். ரயிலால இறங்கினவன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, வெயிலுக்குள்ள உங்களைத் தேடி றோட்டுக்கு வருவானா? வாசல்ல நிக்கிற ஓட்டோவிலதான் ஏறுவான். றோட்டில நிண்டா போற வாற மீன் லொறிக்குக் கை காட்டிக்கொண்டு நிக்கலாம், வீட்டில உலை வைக்கேலாது.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, அறிவித்தலை வாசிச்ச உடனே எனக்குச் சந்தோசம்தான் வந்தது. ஊரில கனகாலம் இருக்கிறவனெண்டா நான்தானே. என்ர வாப்பா இந்தப் பியரில மூட்டை தூக்கினவர். ஸ்டேசனுக்குப் பின்னால இருக்கிற வீட்டிலதான் உம்மா என்னைப் பெத்தவ. என்னைவிட மூப்பு எண்டு பாத்தா அந்தப் பழைய இறங்குதுறைப் பாலம்தான். அது ஓட்டோ ஓடாது.

எனக்குப் பக்கத்தில நிண்டு ஓட்டோ ஓடுற மச்சானுக்குத்தான் கவலை. சொந்த மச்சான் இல்லை, வாய்க்கு மச்சான். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், வன்னிப் பக்கத்தில இருந்து வந்து, சண்டை முடிஞ்ச பிறகு இஞ்ச கலியாணம் கட்டினவன். "நீ பயப்பிடாத, எட்டாவது இடமாவது உனக்குக் கிடைக்கும். நான் சொல்லி எடுத்துத் தாறன்" எண்டு பெரிய மனிசன் மாதிரி அவன்ர தோளில தட்டினனான். அந்தத் தட்டை இப்ப நினைச்சாலும் எனக்குக் கூசுது.

கந்தோருக்குப் போனன். மேசையில இருந்தது நல்ல மரியாதையான பிள்ளை. கதிரையைக் காட்டி, "இருங்கோ ஐயா" எண்டுது. என்ர லைசன்சையும் ஓட்டோப் புத்தகத்தையும் வாங்கிப் பாத்துது. முகம் சுருங்கிச்சுது.

"ஐயா, ரெண்டிலயும் புத்தளம் விலாசமெல்லோ கிடக்கு?"

கிடக்கும்தான். தொண்ணூறாம் ஆண்டு துவக்கோட வந்த இயக்கக்காரர் இந்தத் தீவில இருந்த முஸ்லிம் சனம் எல்லாத்தையும் வெளிக்கிடச் சொன்னாங்கள். உடுத்த உடுப்போட வள்ளத்தில ஏறி, கற்பிட்டியில இறங்கி, புத்தளத்தில கிடுகுக் கொட்டில்ல கிடந்தம். அங்க உப்பளத்தில நிண்டனான், அங்கதான் லைசன்ஸ் எடுத்தனான், அங்கதான் கலியாணம் முடிச்சு இந்த ஓட்டோவையும் வாங்கினனான். சண்டை முடிய ஊருக்குத் திரும்பி வந்து அடையாள அட்டை, வாக்குப் பதிவு, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் எல்லாத்தையும் இஞ்சத்தைக்கு மாத்தினம். லைசன்சையும் ஓட்டோவையும் மட்டும் மாத்தேல்லை. மனிசிதான் வேண்டாமெண்டவ.

"கிடக்கட்டும் அங்க ஒரு விலாசம். திரும்பியும் கலைச்சாங்களெண்டா எங்க போறது?"

புத்தளத்தில இருந்து திரும்பி வந்த எந்த வீட்டிலயும் கேட்டுப் பாருங்கோ. ஒரு துண்டுக் கடதாசியாவது அங்கத்தை விலாசத்தில இருக்கும். காணி உறுதியோ, ரேசன் காட்டோ, லைசன்ஸோ, ஏதோ ஒண்டு. மற்றச் சனம் அவசரத்துக்கெண்டு நகை வாங்கி வைப்பினம், நாங்கள் விலாசம் வைப்பம். லைசன்சைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் புத்தளம் விலாசத்திலயே புதுப்பிச்சு வந்தனான்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னன். கிராம சேவகரின்ர கடிதத்தையும் நீட்டினன்.

"கடிதம் சரி ஐயா. ஆனா சிஸ்டத்தில வரவேணும். இப்ப நீங்கள் அலையத் தேவையில்லை, எல்லாம் ஓன்லைன். அரசாங்கத்தின்ர பக்கத்தில ஒரு கணக்குத் திறந்தா லைசன்ஸ், வாகனம் ரெண்டின்ர விலாசத்தையும் வீட்டில இருந்தே மாத்தலாம். ரெண்டு நிமிச வேலை."

அந்த ரெண்டு நிமிசம் எந்த ஊர் நிமிசமோ, அல்லாஹ்தான் அறிவான்.

எங்கட வீட்டில போனுக்கு அதிகாரி மனிசிதான். சமையல் வீடியோ பாத்துப் பாத்து விரல் பழகினவ. பிஸ்மி சொல்லித் தொடங்கினா. பேர், அடையாள அட்டை, பிறந்த திகதி எல்லாம் அடிச்சு அமத்தினா. சிவப்பு எழுத்தில பதில் வந்தது: 'இச்சேவை இலங்கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.'

"நாங்கள் எங்கயாம் இருக்கிறம்?" எண்டு கேட்டன்.

அவ போனின்ர மேற்பக்கத்தைக் காட்டினா. இந்தியாவுக்கு அன்போட வரவேற்கிறம் எண்டு செய்தி வந்து நிக்குது. எங்கட வீட்டில இது புதினமில்லை. எங்கட டவர் கொஞ்சம் காத்தடிச்சாலே படுத்திடும், அக்கரை டவர் உடனே போனை இழுத்துக்கொண்டு போயிடும். குசினிக்க நிண்டா இலங்கை, முன் விறாந்தையில நிண்டா இந்தியா. அண்டைக்கு நல்ல கச்சான் காத்து. குசினியும் இந்தியாவாப் போச்சு.

"இஞ்சேருங்கோ, ஓட்டோவை எடுங்கோ" எண்டா மனிசி. "இலங்கைக்குப் போவம்."

அவவைப் பின்னால ஏத்திக்கொண்டு பேசாலைப் பக்கம் விட்டன். சவாரி போற மாதிரி சாய்ஞ்சு இருந்துகொண்டு, போனைத் தூக்கிப் பிடிச்சு, "இன்னும் இந்தியா... இன்னும் இந்தியா..." எண்டு சொல்லிக்கொண்டு வாறா. பனங்காடு ஒண்டுக்குக் கிட்டப் போகேக்க, "வந்திட்டம், வந்திட்டம், நிப்பாட்டுங்கோ!" எண்டு கத்தினா. பாஸ்போட் இல்லாமல் வெளிநாடு போய்த் திரும்பின ஆக்கள் நாங்கள்தான்.

அங்க றோட்டுக்கரையில ஓட்டோவை நிப்பாட்டி, திரும்பவும் முதல்ல இருந்து. கடவுச்சொல் கேட்டுது. பெரிய எழுத்து வேணுமாம், சின்ன எழுத்து வேணுமாம், இலக்கம் வேணுமாம், உடுவெண்டு ஒரு நட்சத்திரக் குறியும் வேணுமாம். இவ்வளவு காவல் நாங்கள் விட்டிட்டு ஓடின வீட்டுக்கு இருந்திருந்தா, கூரை ஓடாவது மிஞ்சியிருக்கும்.

பிறகு முகத்தைப் படம் எடுக்கட்டாம். தொப்பியைக் கழட்டினன். பனையில சாய்ஞ்சு நிண்டன், பின்னணி சரியில்லையாம். பக்கத்தில பாதி வெள்ளையடிச்ச மதில் ஒண்டு கிடந்தது, அதுக்கு முன்னால போய் நிண்டன். மனிசி அமத்தினா. 'ஒருவரின் முகம் மட்டுமே இருக்க வேண்டும்' எண்டு வந்தது. திரும்பிப் பாத்தா, என்ர தோளுக்குப் பின்னால ஒரு கழுதை. மன்னார்க் கழுதைக்கு மனிசரைக் கண்டு பயமெங்க கிடக்கு? ஆறுதலா நிண்டு எங்களைப் பாக்குது. மனிசி சிரிச்ச சிரிப்பில போன் கீழ விழப் பாத்தது.

"இதில ஆர் லைசன்ஸ்காரர் எண்டு அவங்களுக்குக் குழப்பம்போல" எண்டா. கட்டினவளிட்ட வேற என்னத்தை எதிர்பாக்கிறது?

கழுதையைக் கலைச்சுப்போட்டு வந்து பாத்தா, 'உங்கள் அமர்வு மரணித்துவிட்டது' எண்டு கிடக்கு. ஆர் மொழிபெயர்த்தாங்களோ, அவங்களுக்கு நல்ல மனசு. செத்தவைக்குச் சொல்ற மாதிரி "இன்னாலில்லாஹி" எண்டு சொல்லிப்போட்டு, மூண்டாந் தரம் தொடங்கினம். இந்த முறை படம் சரி வந்தது. மாவட்டம் வந்தது, கிராமம் வந்தது, எங்கட விலாசத்தைத் தமிழில ஏற்றுக்கொண்டுது. மனிசிக்கு நெத்தியெல்லாம் வேர்வை. கடைசியா ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம்: இவ்விலாசத்தில் வசிக்கத் தொடங்கிய திகதி.

"என்ர பிறந்த திகதியைப் போடு" எண்டன்.

போட்டா. சிவப்பு. பழைய விலாசத்துக்குப் பிந்தின திகதியா இருக்கவேணுமாம்.

"அப்ப நாங்கள் திரும்பி வந்த வருசத்தைப் போடு."

அதுவும் சிவப்பு. திரும்பி வந்த பிறகும் புத்தளம் விலாசத்தில லைசன்ஸ் புதுப்பிச்சனானெல்லோ, அந்தத் திகதிக்கும் பிறகுதான் வேணுமாம். கட்டத்துக்குக் கீழ 'இன்று' எண்டு ஒரு பொத்தான் பச்சையா நிக்குது. அமர்வு மரணிக்கப் போகுது எண்டும் ஒரு எச்சரிக்கை வந்திட்டுது.

"இன்றெண்டு அமத்தட்டா?"

"அமத்து, அமத்து. திகதியை ஆர் பாக்கப் போகினம்?"

அமத்தினா. 'வாழ்த்துக்கள்! உங்கள் விபரங்கள் இற்றைப்படுத்தப்பட்டன.' எனக்குக் கண் கலங்கிட்டுது, பொய் சொல்லேல்லை. முதல் முதலா அரசாங்கத்தின்ர ஏட்டில நானும் என்ர ஓட்டோவும் ஒண்டாத் தலைமன்னார். பேசாலைச் சந்தியில நிப்பாட்டி, ரெண்டு பேரும் உளுந்து வடையும் பிளேன்டீயும் அடிச்சம். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை.

அடுத்த கிழமை கந்தோருக்குப் போனன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டுதான். மச்சானும் வந்து இருந்தவன். அதே பிள்ளை, அதே மரியாதை. கொம்பியூட்டரைப் பாத்துது. பிறகு என்னைப் பாத்துது. திரும்பவும் கொம்பியூட்டரைப் பாத்துது.

"ஐயா, விலாசம் மாறியிருக்கு. ஆனா..." அந்தப் பிள்ளை மௌசை அங்கையும் இஞ்சையும் உருட்டிச்சுது. "வரிசை, சிஸ்டத்தில இருக்கிற திகதிப்படிதான் போகுது. அதில நீங்கள் போன செவ்வாய்க்கிழமைதான் ஊருக்கு வந்திருக்கிறீங்கள்."

நான் சிரிச்சன். பகிடியெண்டு நினைச்சன்.

"பிள்ளை, நான் இஞ்ச பிறந்தவன்."

"விளங்குது ஐயா. இதில அப்பிடி இல்லையே."

"மாத்தி விடுங்கோவன்."

"ஒருக்கா மாத்தினா ஒரு வருசத்துக்குத் திறக்காது ஐயா. எட்டும் நிரம்பிட்டுது. நீங்கள் ஊருக்குப் புதுசுதானே, அடுத்த முறை பாப்பம்."

தொண்ணூறில, இது உங்கட ஊரில்லை எண்டு சொன்னவங்கள் துவக்கைக் காட்டித்தான் சொன்னாங்கள். அவங்களை இண்டைக்கு வரைக்கும் ஏசுறன், ஏசுறதுக்கு ஒரு முகமாவது இருக்கு. இந்தப் பிள்ளை ஃபானை என்ர பக்கம் திருப்பி விட்டு, ஐயா போட்டுச் சொல்லுது. இதை ஆரை ஏசுறது? ஏழாவது இலக்கம் மச்சானுக்கு. அவன் வெளியில வந்து இலக்க ஸ்டிக்கரைக் கையில வைச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தான்.

"மச்சான், இதை நீ ஒட்டு. நான் றோட்டில நிக்கிறன்."

"ஒட்டடா உன்ர ஓட்டோவில" எண்டு அதட்டினன். "நீ பழைய ஆள்." அவன் நல்லவன், அவனில பிழையில்லை. ஆனா அவன்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தன். மனிசி வாசல்ல நிண்டவ.

"என்னவாம்? எத்தினையாம் இலக்கம்?"

"இலக்கம் இல்லை. நாங்கள் போன செவ்வாய்க்கிழமைதான் ஊருக்கு வந்தனாங்களாம்."

அவ என்ர வெறும் ஓட்டோவை எட்டிப் பாத்தா.

"அப்ப சாமானுகளை இறக்குங்கோவன்" எண்டா. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. சொல்லி முடிக்க முதலே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா.