ஐம்பத்தெட்டு விநாடி

நிறுவனத்தின் அடையாள அட்டை அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது: "பிரிவு ஐந்து. திறன் சாராத் தொழிலாளி. பணி: ஈரத்துணி பிரித்தல். சிறப்பு அறிவு: ஏதுமில்லை."

ஓட்டலின் நிலவறைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளுக்குச் சிக்கெடுப்பவர் என்ற அளவில் அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு மலிவாகப் பேசுகிற விஷயத்தில் அந்தக் கட்டடத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேலாளரே கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் பாடம் கேட்டதுண்டு. எந்தத் தொலைபேசி அட்டை நூறு நிமிஷம் என்று ஆசை காட்டி அறுபதில் கையை விரிக்கும், எந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இயந்திரமே திருப்பிக் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இணையத்தில் இலவசமாகப் பேசும் சுகத்தை ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர், தன் வீட்டில் மட்டும் பொத்தான் போன் வைத்திருந்தார். புதுப் போன் வாங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடுமாம்.

அவர் கண்டுபிடித்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: நிமிஷத்தைத் தாண்டி ஒரு விநாடி போனாலும் அடுத்த நிமிஷத்துக்கும் காசு. ஆகவே ஆறு வருஷமாக ஐம்பத்தெட்டாவது விநாடியில் வைத்துவிடுவார். கடிகாரம் பார்ப்பதில்லை, கட்டைவிரலுக்கே தெரியும். கூட இருப்பவர்கள் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர் வைத்தார்கள். மனைவியும் பழகிவிட்டார்: முதலில் உடம்பு, அடுத்து வீடு, நேரம் இருந்தால் மூச்சு.

ஒருநாள் மதியம் மனைவியிடமிருந்து வரிசையாக மூன்று மிஸ்டு கால் வந்தது. அவசரம் என்று அர்த்தம். மிஸ்டு கால் இயந்திரம் வழியாகப் பேசினார்.

"பொண்ணு படிப்பை நிறுத்திட்டுத் துணிக்கடை வேலைக்குப் போறேங்கிறா. பரீட்சைக்கு மனு போட இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி. நான் சொன்னா எங்கே கேக்குறா? நீங்கதான்..."

கட்டைவிரல் தன் கடமையைச் செய்தது.

மறுபடி முயன்றார். இயந்திரம் அவரை வரிசையில் காத்திருக்கச் சொன்னது. சட்டைப் பையிலிருந்த அட்டை தீர்ந்திருந்தது. இன்னொரு அட்டை வாங்கக் கடைவீதிக்குப் போய்வர ஒரு மணி நேரமாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜை இஸ்திரிக்காரர் போகிற போக்கில் சொன்னார்:

"நேரா நம்பரைப் போடுங்கண்ணே. அவசரத்துக்கு எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க."

துணியோடு துணியாகச் சலவை இயந்திரத்துக்குள் இறங்கச் சொன்னதுபோல் அவரைப் பார்த்தார் நிமிஷம். பிறகு நேராக நம்பரைப் போட்டார். மகள்தான் எடுத்தாள். ஏன் நிறுத்துகிறாய், யார் என்ன சொன்னார்கள், உனக்கு என்ன குறை என்று கேட்டு முடித்தார். அவள் "ஏன்னா..." என்று ஆரம்பித்ததும் வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டாவது முறையும் அதே கதை.

மூன்றாவது முறை மகள் முந்திக்கொண்டாள். "நான் ஆரம்பிச்சா வச்சிடுவீங்க. எதுக்குப்பா கூப்பிடுறீங்க?"

அவர் ஒலிபெருக்கியைப் போட்டு, போனைச் சோப்புத்தூள் டப்பாவின்மேல் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கை வரை ஈரப் போர்வைக் குவியலுக்குள் செருகிக்கொண்டார். "இப்ப சொல்லும்மா. கை ரெண்டும் மாட்டிக்கிச்சு."

கணக்கில் மூன்று முறை தோற்றிருக்கிறாள். மாதிரித் தேர்வுதான், ஆனாலும் வகுப்பே சிரித்திருக்கிறது. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொன்னா அழும். உங்ககிட்ட சொல்லலாம்னா, அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது."

சலவைக்கூடமே இஸ்திரியை நிறுத்திவிட்டுக் கேட்டது. தானும் கணக்கில் தோற்றவன்தான் என்றார் அவர். நம்ப மாட்டேன் என்றாள் மகள். எத்தனை மார்க் என்று சொன்னார். மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு. இஸ்திரிக்காரரும் சிரித்தார், அவரை நிமிஷம் ஒரு பார்வை பார்த்து அடக்கினார். எந்தப் பாடம் புரியவில்லை, யாரிடம் போய்க் கேட்கலாம், மறுபடியும் தோற்றால் என்ன ஆகும் என்று பேச்சு நீண்டது. ஓரிடத்தில் அவள் மனுவை எடுத்து வரும்படி அம்மாவிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அன்று அவர் இருப்பதிலேயே அதிகமான கட்டணத்தில் நாற்பத்தொரு நிமிஷம் மகளோடு பேசினார். அவள் வைக்கும்வரை கையை வெளியே எடுக்கவில்லை.