தாயை இழந்தவனின் பெயர்

எங்கள் வீட்டில் பெயர் வைப்பதற்காக யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் குலசாமியின் பெயர், மீதிப் பேருக்குப் பாட்டன் பெயர். ஈரோட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பெண் எடுத்த பிறகுதான் ஒரு பெயருக்கு அர்த்தம், பூர்வீகம் என்று இத்தனை சங்கதி உண்டென்று எனக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலையில் இருந்தேன். மனைவி மாசமாக இருந்தாள். பெண் பிறந்தால் நான் பெயர் வைப்பது, பையன் என்றால் அவள் வைப்பது என்று எங்களுக்குள் பேச்சு. ஏழாம் மாதம் வரை வாரம் ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தனியாகச் செக்கப்புக்குப் போய் வந்து, "பையன்னா பென்யமீனுங்க" என்று முடித்துவிட்டாள். எபிரேயப் பெயர். பென் என்றால் மகன், யமீன் என்றால் வலது கை.

"சோறு திங்கற கைதானே, அதுல என்ன பெருமை?" என்று சீண்டினேன்.

"பலத்துக்குச் சொல்றதுங்க. உங்க பக்கத்துலயே நிக்கற பையன்" என்றாள். வழக்கமாகப் பதிலுக்கு என்னைக் கிண்டல் செய்பவள், அன்று சிரிக்கக்கூட இல்லை. வெயிலில் போய் வந்த களைப்பு என்று விட்டுவிட்டேன்.

பையன்தான் பிறந்தான். சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை என்று அவளைத் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் மாமனாரும் வராந்தாவில் நின்றோம். நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை என்னிடம் நீட்டினாள். "அவருகிட்டக் குடுங்க" என்று மாமனாரைக் காட்டினேன். தொட்டிலில் கட்டும் அட்டையில் எழுத என்ன பெயர் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் குறுக்கிட்டார்.

"அந்தப் பேரு இப்ப வேண்டாமுங்க மாப்பிள்ளை."

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். அன்று குரல் உடைந்திருந்தது. "பைபிள்ல முதல்முதலா அந்தப் பேரு வெச்ச பையன் வழிப்பயணத்துல பொறந்தவனுங்க. பெத்தவ பொழைக்கல. உசுரு போற நேரத்துல பெனொனின்னு கூப்பிட்டாளாம். என் துக்கத்தின் மகன்னு அர்த்தம். அப்பன்தான் அதை மாத்திப் பென்யமீன்னு வெச்சான். வேற பேரு எழுதச் சொல்லுங்க. சாமுவேல்னு சொல்லலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுப்பவள் அவள். இந்தக் கதை தெரியாமல் இருக்குமா? தெரிந்துமா வைத்தாள்? ஊரில் வேறு பெயரே இல்லையா? அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. சாமுவேல் என்று எழுதச் சொல்லலாம்தான். ஆனால் அவள் உள்ளே கிடக்கும்போது அவள் கேட்ட ஒரே காரியத்தை மாற்றினால், அவள் பிழைத்து வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டியது போல் ஆகிவிடும். பென்யமீன் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று நர்ஸை அனுப்பிவிட்டேன்.

தியேட்டர் கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் உயிர் போய் வந்தது. கம்பெனி ஆட்கள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். குழந்தை தொட்டிலில் அழுதது. நான் எழுந்து போகவில்லை, மாமனார்தான் போனார். சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தம் நின்றுவிட்டது என்றார். நான் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் கண் விழித்தாள். "ஏனுங்க, பையனைத் தூக்குனீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அந்தப் பேரோட கதை தெரிஞ்சுதானே வெச்சே?" என்றேன்.

"தெரியுமுங்க. நஞ்சுக்கொடி கீழ இருக்குது, ரத்தம் ரொம்பப் போனாலும் போகும்னு செக்கப்புக்குப் போன அன்னைக்கே டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. உங்ககிட்டச் சொன்னா நீங்க தூங்கமாட்டீங்க."

அந்த இரண்டு மாதமும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறாள். திட்ட நினைத்தேன். கலைந்திருந்த போர்வையை இழுத்து விட்டேன்.

"நான் போயிட்டா அப்பா உங்களுக்குக் கதையச் சொல்லுவாருன்னு தெரியும்" என்றாள். "செத்தவளோட துக்கத்தைப் பையன் தலைல கட்டாம அந்த அப்பன் பேரை மாத்துனான் பாருங்க, அது உங்க காதுல விழோணும். இவனாலதான் அவ போனான்னு நீங்க இவன வெறுத்துடக் கூடாதுங்க. அதுக்குத்தான் வெச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தூக்குனீங்களான்னு கேட்டேனுங்க."

எழுந்து தொட்டிலிடம் போனேன். நர்ஸைக் கூப்பிட்டுப் பென்யமீன் என்று எழுதச் சொன்னேன். அவனைத் தூக்கத்தான் தைரியம் வரவில்லை, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாசலில் நின்றிருந்த மாமனார்தான் எடுத்து என் மடியில் வைத்தார்.