ஒற்றைக் கோடு

டெங்கு பரிசோதனையில் ஒற்றைக் கோடு விழுந்தால் நோய் இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்த ஆய்வகத்து அக்கா ஒருநாளும் அப்படிச் சொல்வதில்லை. "இன்னிக்குத் தெரியலை, நாளன்னைக்கு மறுபடி வாங்க" என்பாள். பல வருஷமாக அதே பேச்சுதான்.

லாரி டிரைவர் ஒருவர் சிடுசிடுத்தார். "இல்லைன்னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்? லோடு ஏத்தணும் அக்கா."

"லோடு எங்கேயும் ஓடிப்போகாது அண்ணே. வந்துட்டுப் போங்க."

பல வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கூடப்பிறந்த தம்பியும் காய்ச்சல் கண்ட மறுநாளே இதே நாற்காலியில் கை நீட்டினான். அத்தனை சீக்கிரத்தில் ரத்தம் காட்டிக்கொடுக்காது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. "ஒண்ணும் இல்லடா, வேலைக்குப் போ" என்றாள். போனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் கைமீறியிருந்தது. இப்போதும் அங்கே யார் கை நீட்டினாலும், அவள் கண் முழங்கையருகே அவனுக்கு இருந்த தீத்தழும்பைத் தேடுகிறது.

டிரைவர் அவள் சொன்ன நாளில் முனகிக்கொண்டே திரும்பி வந்தார். இரண்டாவது கோடும் விழுந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிழைத்துக்கொண்டார்.

தம்பி மனைவி அவளோடு பேசுவதில்லை. ஆனாலும் மகளுக்குக் காய்ச்சல் என்றால் இங்கேதான் அழைத்து வருகிறாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வாசலிலேயே நின்றுகொள்கிறாள்.