அரிசியில் எழுதிய பெயர்

பம்பாய் செம்பூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்தப் படுக்கையறைதான் எனக்கு எல்லாம். தீட்டு கழியும்வரை ஹாலுக்கு வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். சாப்பாடு வாசல்படிவரை வரும். எனக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கென்று போய் உட்கார வேறு வீடும் இல்லை. கதவு பாதி திறந்திருக்கும். ஹாலில் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும், நான் பேசுவதுதான் ஹாலுக்குப் போய்ச் சேராது.

பெயரில் சண்டை இல்லை. குலதெய்வத்தின் பெயர், எனக்கும் பிடித்த பெயர், தமிழில் மூன்றே எழுத்து. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் பேச்சு. மாட்டுங்காவில் மாமனாருக்கு ஒரு நியூமராலஜிக்காரர் உண்டு. வாஷிங் மெஷின் வாங்குவதற்குக்கூட அவரைக் கேட்டு நாள் குறிக்கிற குடும்பம் இது. நடுவில் இன்னொரு 'ஏ', கடைசியில் ஒரு 'ஹெச்' போடச் சொல்லிவிட்டார் அவர்.

"கூட்டினா அஞ்சு வரது. புதன். படிப்பு பிரமாதமா வரும்," என்றார் மாமனார்.

"யூனிக்காவும் இருக்குப்பா. சலேகா," என்று இந்தியில் சம்மதம் சொன்னார் என் கணவர்.

கல்யாணமான புதிதில் இதே நியூமராலஜிக்காரர்தான் என் பெயரிலும் ஓர் எழுத்தைக் கூட்டினார். அன்றிலிருந்து டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் நான் ஒருத்தி, பான் கார்டில் வேறொருத்தி. பாங்கில், பாஸ்போர்ட் ஆபீஸில், வேலைக்குச் சேரப் போன இடத்தில், எங்கே போனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்விதான்: "மேடம், யே ஆப் ஹீ ஹோ?" நான்தான், நான்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் நான். என் பெண் எந்த கவுன்டரிலும் நின்று தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டாம். நான் கேட்டது அவ்வளவுதான்.

கதவருகே நின்று சொல்லிப் பார்த்தேன். "நீ ரெஸ்ட் எடும்மா, பெரியவா பாத்துப்பா," என்றார் மாமியார். சுவருக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருந்த கணவருக்கு வாட்ஸப்பில் நீளமாக எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குப் பிடிபடவில்லை.

பதினொன்றாம் நாள் புண்யாகவசனம், தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற சடங்கு. தலைக்குக் குளித்து, மடிசார் கட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாத்தியார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினார்.

"மோதிரத்தால குழந்தை பேரை எழுதுங்கோ. தமிழ்ல எழுதுங்கோ, இங்கிலீஷ் வேண்டாம்."

கணவர் கை அரிசிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத வராது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். வந்திருந்த சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. அவர்களோ மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி எழுதணும்? சொல்லேன்," என்றார் உதடு அசையாமல்.

இத்தனை நாளில் அந்தப் பெயரைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இங்கிலீஷ்ல ஒரு ஏ போதும். ஹெச் கிடையாது. சரின்னா சொல்றேன்."

"இப்பப் போயா?"

"இப்பத்தான்."

நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். முலுண்டில் அடுத்த வீடு காத்திருப்பதாகச் சொன்னார். கணவர் நெற்றி வியர்த்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சந்தேகத்துக்கே இடமில்லாமல் நன்றாக ஆட்டினார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வளைக்க வேண்டிய இடத்தில் வளைத்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, மூன்று எழுத்தையும் நானே எழுதினேன். "ஸோ ஸ்வீட்," என்றது ஒரு குரல். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அரிசியைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு வாத்தியார் கிளம்பினார்.

சாப்பாடு முடிந்ததும், போய்ப் படுத்துக்கொள் என்று மறுபடியும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தீட்டுதான் கழிந்ததே என்று யாரிடம் கேட்பது? ஹாலில் மாமனார் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பர்த் சர்ட்டிஃபிகேட்டா? அதெல்லாம் நேத்தே ஆச்சு. இவனே ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். ரெண்டு ஏ, கடைசில ஹெச். அவர் சொன்னபடியே."

நேற்றே. தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் தலையாட்டியபோது அவருக்கு அது தெரியும்.

சார்ஜர் எடுக்க உள்ளே வந்த கணவரிடம் கேட்டேன். அவருக்குத் துளிக் கூச்சம்கூட இல்லை.

"அத்தனை பேர் முன்னாடி வேற என்ன பண்றது? இனிமே மாத்தறதுன்னா எவ்ளோ அலைச்சல் தெரியுமா? விட்டுடேன்."

சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துண்டை என்ன செய்கிறேன் என்று தெரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. லேகியக் கிண்ணத்தோடு வந்த மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மூஞ்சியை ஏன் இப்படி வச்சிண்டிருக்கே? கோபத்தோட பால் குடுக்காதேம்மா. குழந்தைக்கு ஆகாது."

அழுகை பெரிதானது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு வழியாகச் சிரிப்பு மாதிரி எதையோ வரவழைத்துக்கொண்டு, என் பெண்ணை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.