பெட்ரோல் மூடியில் வைத்த சந்தனம்

உங்கள் அக்கா ஏன் நர்சிங் நுழைவுத் தேர்வு எழுதவில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "வழியில வண்டி நின்னுடுச்சு" என்று சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன் பிள்ளைகளே.

தேர்வுக்கு முந்தின நாள், அவள் நன்றாக எழுதவேண்டும் என்று பைக்கைக் காணிப்பாக்கம் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டேன். ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு போதும் என்றார் ஐயர். எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்ரோல் மூடி மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தேன். திரும்பும்போதே வண்டி ரிசர்வில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலை ஆறு மணிக்குச் சித்தூரில் கிளம்பினோம். திருப்பதியில் தேர்வு மையத்தில் ஒன்பது மணிக்குக் கேட் மூடிவிடுவார்கள். பேச்சு மும்முரத்தில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டிவிட்டேன். புத்தலப்பட்டுக்கு அப்பால் வண்டி நின்றது. நடந்துபோய் ஒரு பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினேன். உதைத்ததும் கிளம்பியது, கொஞ்ச தூரம் ஓடி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இருக்கிறது. மூடிவிட்டு உதைத்தேன். ஓடி, நின்றது.

உங்கள் அக்கா சொன்னாள்: "நைனா, மூடியத் தெறந்து பாத்தப்புறம்தான் ஓடுது. மூடினா நின்னுபோவுது."

"நீ பரிட்சைக்குப் படிச்சிகினு இரு. இருவது வருசமா வண்டி ஓட்றேன், எனக்கே சொல்றியா?"

பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தேன். சோக்கைப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் வலிக்க உதைத்தேன். அப்போது திருப்பதி பஸ் வந்தது.

"நைனா, பஸ்சு வருது. கை காட்டட்டா?"

"இரு, இன்னும் ரெண்டு ஒதைதான்."

பஸ் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே போனது. மூன்றாவது வந்தபோது அவள் கேட்கவே இல்லை. ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மேல், பால் கேன் கட்டிய வண்டிக்காரர் ஒருவர் நின்றார். மூடியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணா, வண்டிக்கே நாமம் சாத்திகீறீங்க! காத்து போற ஓட்டைய சந்தனம் அடைச்சிகினு கீது. காத்து உள்ள போவாம பெட்ரோலு எப்டி எறங்கும்?"

குச்சியால் சுரண்டினார். ஒரே உதையில் வண்டி கிளம்பி, நிற்காமல் ஓடியது.

நாங்கள் போனபோது ஒன்பது இருபது. வாட்ச்மேன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "லேதண்ணா, டைம் அயிப்போயிந்தி" என்று, நேரம் முடிந்துவிட்டதைத் தெலுங்கில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவள் அழவில்லை. "வா நைனா, போலாம். திரும்பிப் போக பெட்ரோலு கீதா பாத்துக்கோ" என்றாள்.

அடுத்த வருஷம் எழுது என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் எழுதவில்லை. இப்போது விடியுமுன் கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போகிறாள். ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குப் பொட்டு வைப்பது அவள்தான், ஹெட்லைட்டில் மட்டும், சின்னதாக. என்னிடம் சந்தனக் கிண்ணத்தைத் தருவதில்லை.

சந்தனம் வைத்தது தெரியாமல் செய்தது. பஸ்ஸை விட்டது தெரிந்தே செய்தது. என்னை நம்பி உட்கார்ந்திருந்த வண்டியை விட்டு அவள் இறங்கிப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை. இதை அவளிடம் நேரில் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. நீங்கள் படித்து முடித்ததும் இந்தத் தாளை அவள் கையில் கொடுங்கள்.